ஈமானுக்கு ஆதாரம் வேண்டுமா?



மத்ரஸா மாணவர்களை ஒரு நாள் மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். வெண்ணெய் உருண்டைக் கல் என்று மக்கள் அழைக்கும் பெரும்பாறையின் நிழலில் அனைவரும் அமர்ந்தோம். சுமார் 250 டன் எடையும் 20 அடி உயரமும் உடையது என்பார்கள். சரிவான பாறையின் மீது, இதோ உருண்டுவிடும் என்பது போல் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டில் யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஒரு வழிகாட்டி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பதினேழு வயது மாணவன் ஒருவன் என்னருகே வந்து, பிறர் செவியில் விழாதபடி கேட்டான்: “ஹஜ்ரத், அல்லாஹ் இருக்கிறான் என்பதற்கு அறிவுபூர்வமான ஆதாரம் உண்டா? ஆதாரம் இல்லாமல் நம்புவது சரியாகுமா?”

என் நாவில் முதலில் எழுந்தது அதட்டல்தான். அதை விழுங்கிக்கொண்டேன். கல்லூரியில் படித்த நாளில் இதே வினாவை நானும் ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். “இப்படிக் கேட்பதே ஈமானுக்குக் கேடு, தவ்பா செய்” என்றார் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன், ஐயம் மூடிக்கொள்ளவில்லை. இரண்டாண்டுக் காலம் தொழுகை வரிசையில் நின்றபடியே அதைத் தனியாகச் சுமந்தேன்.

கேட்பது குற்றமா? இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்பதைக் காட்டுமாறு இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டிய வரலாற்றைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. நம்பிக்கை இல்லாமல் அல்ல, உள்ளம் அமைதி பெறவே கேட்டார்கள். இறைவன் கடிந்துகொள்ளவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு விடை காட்டினான்.

ஆகவே மாணவனிடம் சொன்னேன்: “இந்தக் கல் நிற்பதற்குக் காரணம் உண்டு. உராய்வு, ஈர்ப்பு மையம் என்று அறிவியல் படித்தவர் விளக்குவார். அந்த விளக்கம் தெரியாதவரும் இந்த நிழலில் இளைப்பாறுகிறார். அவர் அறியாததால் கல் உருண்டுவிடவில்லை.”

அவன் விடவில்லை. “கல் கண்ணுக்குத் தெரிகிறதே, ஹஜ்ரத்!”

நியாயமான மறுப்பு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். 1091-இல் பக்தாத் நிஜாமிய்யா கலாசாலையின் பேராசிரியரான அம்மேதை, தம் தன்வரலாற்று நூலான ‘அல்முன்கித்’தில் தம் ஐயங்களை ஒளிக்காமல் எழுதியுள்ளார்கள். கண்ணுக்கு நிழல் அசையாதது. ஆயினும் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. விண்மீன் காசளவே தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரிது என்கிறது. கண்ணின் பிழையை அறிவு திருத்தியது. அறிவின் பிழையைத் திருத்துவது எது? இந்த வினா ஏறக்குறைய இரண்டு மாதம் அவர்களை வாட்டியது. இறுதியில் தம்மைக் குணமாக்கியது வாதங்களின் அடுக்கு அல்ல, இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியே என்கிறார்கள். அதற்காக அவர்கள் அறிவைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தர்க்கக் கலைக்கே தனி நூல்கள் எழுதினார்கள்.

தொடக்கம் உள்ள எதற்கும் காரணம் வேண்டும். உலகிற்குத் தொடக்கம் உண்டு. எனவே அதைத் தோற்றுவித்தவன் உண்டு என்பது கலாம் அறிஞர்களின் புகழ்பெற்ற ஆதாரம். கஸ்ஸாலி இமாமும் இதை எடுத்துரைத்தார்கள். காழியாகவும் தத்துவ ஞானியாகவும் விளங்கிய இப்னு ருஷ்து (1126–1198) இந்த வாத முறையைக் குறை கூறி, மனித வாழ்வுக்குப் பொருந்த உலகம் அமைந்திருக்கும் பாங்கே சிறந்த சான்று என்றார். ஜெர்மானிய அறிஞர் காண்ட், 1781-இல் வெளியிட்ட நூலில், இறைவன் உண்டு என்றோ இல்லை என்றோ தூய அறிவால் மட்டும் நிரூபிக்க இயலாது என்று வாதிட்டார். வாதம் இன்றும் முடியவில்லை. அது முடியட்டும் என்று காத்திருந்தால் எவரும் ஒரு வேளைத் தொழுகையும் தொழ முடியாது.

ஆதாரம் அறியாமல், பெரியோரைப் பின்பற்றி நம்புகிறவனின் ஈமான் செல்லுமா என்பதையும் நம் அகீதா அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். செல்லாது என்றோரும் உண்டு. செல்லும் என்றோரே மிகுதி. ஆயினும் சிந்திக்கும் ஆற்றல் இருந்தும் சிந்திக்காதவன் கடமை தவறியவன் என்று அவர்களுள் பலர் சேர்த்துச் சொன்னார்கள். இவ்விரண்டையும் நாம் ஒருசேரப் பற்றிக்கொள்ள வேண்டும். எழுத்தறியாத நம் பாட்டி தஸ்பீஹ் மணியை உருட்டியபடி வைத்திருக்கும் ஈமான், எந்தப் பேராசிரியரின் சான்றிதழுக்கும் காத்திருப்பதில்லை. அதே வீட்டில் பாடநூலோடு அமர்ந்திருக்கும் பேரனுக்கோ பாட்டியின் அமைதி மட்டும் விடையாகாது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இவ்வினாவோடு வரும் நாளில் கை ஓங்காதீர்கள். கேட்கும் பிள்ளை இன்னும் உங்கள் வாசலில்தான் நிற்கிறது. விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் ஈமான் குறைந்துவிடாது.

அன்று அந்த மாணவனுக்கு நான் முழு விடையும் சொல்லிவிட்டதாக எண்ணவில்லை. பேசி முடித்தபோது நாங்கள் அமர்ந்திருந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. “நிழல் நகர்ந்துவிட்டது, ஹஜ்ரத்” என்று சிரித்தான். அஸர் தொழுகைக்கு ஸஃப் கட்டியபோது என் பக்கத்தில் வந்து நின்றான்.

கேட்கும் துணிவைப் பிள்ளைகளுக்கும், கேட்டுக்கொள்ளும் பொறுமையை நமக்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.