பந்து உடைந்தால் எங்கே போகும்?

ஊறுகாய் தெரியும்... 'பிக்கிள்பால்' தெரியுமா குட்டீஸ்? பெயரில் ஊறுகாய் இருந்தாலும், தொட்டுக்கொள்ள எதுவும் கிடைக்காது! டென்னிஸ், டேபிள் டென்னிஸ், பாட்மின்டன் மூன்றும் கலந்த விளையாட்டு இது. 2025ல், இந்திய பிக்கிள்பால் சங்கத்தை, தேசிய சம்மேளனமாக மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்தது. அதன்பின், பேச்சு இன்னும் கூடிவிட்டது.

இது பிறந்த கதையே வேடிக்கை. 1965ல், அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. ஜோயல் பிரிட்சார்டு என்பவர் வீட்டில், பழைய பாட்மின்டன் மைதானம் இருந்தது. விளையாட்டுச் சாமான் முழுதாக இல்லை. அவரும், நண்பர் பில் பெல்லும், கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டையையும், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆட ஆரம்பித்தனர். பிறகு, பார்னி மெக்கல்லம் என்ற நண்பர், ஒட்டுப்பலகையை அறுத்து மட்டை செய்தார். இருப்பதை வைத்தே ஒரு விளையாட்டு!

எனவே, ராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ நீங்கள் ஆட, விலை உயர்ந்த மட்டை வேண்டும் என்பதில்லை. பள்ளி மைதானத்தில், 44 அடி நீளம், 20 அடி அகலத்துக்குக் கோடு போடுங்கள். பாட்மின்டன் இரட்டையர் மைதானத்தின் அளவும் இதுதான். நடுவே, 3 அடி உயரத்தில் வலை. அதற்கு இருபுறமும் 7 அடி தூரம், 'கிச்சன்'. அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. சர்வீசை இடுப்புக்குக் கீழிருந்து, குறுக்காக அடிக்க வேண்டும். எதிராளி, அதைத் தரையில் துள்ளவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அது திரும்பி வரும்போது, நீங்களும் துள்ளவிட வேண்டும். முதலில் 11 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. ஆனால், 2 புள்ளி முன்னே இருக்க வேண்டும். தெருவில் மட்டும் வேண்டாம்... கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஊர் நம்முடையது!

சரி, ஆடி ஆடிப் பந்து விரிசல் விட்டதும் என்ன செய்வீர்கள்? தூக்கி எறிவீர்கள். அது எங்கே போகும்?

ராயபுரம், தண்டையார்பேட்டைக் குப்பை எல்லாம் கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போகிறது. அங்கே மலைபோல் சேர்ந்த பழைய குப்பை மட்டும், 66 லட்சம் டன்னுக்கு மேல் என்று மாநகராட்சி கணக்கிட்டது. 'பயோமைனிங்' முறையில், அதைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது. நம் வீட்டிலிருந்து போனது, அந்தக் கிடங்கின் பக்கத்தில் வசிக்கும் இன்னொரு பிள்ளையின் வீட்டருகே கிடக்கிறது, அவ்வளவுதான்!

குப்பை மட்டுமா? சென்னைத் துறைமுகத்திலிருந்து, ஒரு காலத்தில் நிலக்கரித் தூசு ராயபுரம் வீடுகளில் படிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2011ல், அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. ஆனால், நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது!

இதைப் படித்துவிட்டு, 'எல்லாம் நம் தப்பு' என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கலந்து, எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும், வலையும் கறுத்துப் போயின. நீங்கள் ஆயிரம் மஞ்சப்பை வைத்திருந்தாலும், அதைத் தடுத்திருக்க முடியாது. ஆலையைச் சரியாக நடத்துவதும், கண்காணிப்பதும் பெரியவர்கள் வேலை. செய்தீர்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

உங்கள் கையில் இருப்பது வேறு. தமிழகத்தில், 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. 2021ல், 'மீண்டும் மஞ்சப்பை' திட்டமும் வந்தது. ஆனாலும், கேரி பேக் காணாமல் போய்விடவில்லை. கடைக்காரர் நீட்டும்போது, 'வேண்டாம் அண்ணே, பை இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். விளையாடப் போகும்போது, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே பந்து வாங்கினால் போதும். உடைந்த பந்தை, மட்காத குப்பையில் தனியாகக் கொடுங்கள். சாப்பாட்டு மிச்சத்தோடு கலந்துவிட்டால், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இன்னொன்று... பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால், ஓட்டைப் பந்து இஷ்டத்துக்குத் திரும்பும். காலையிலேயே ஆடிவிடுங்கள்!