டிக்கெட் மெஷினுக்குத் தெரியாத பயணம்

ஆனையூரிலிருந்து வரும் ஒருவர் மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறுகிறார் என வைத்துக்கொள்வோம். டிக்கெட் மெஷினில் இது இரண்டு தனிப் பயணங்களாகத்தான் பதிவாகும். அந்தப் பட்டியலை எக்செலில் போட்டு எவ்வளவு அலசினாலும், பெரியாரில் கூட்டம் அதிகம் என்றுதான் தெரியும். அவருக்கு நேரடி பஸ் வேண்டும் என்பது தெரியாது.

தென்கொரியாவின் சியோல் நகரம் 2004 ஜூலையில் பஸ் வழித்தடங்களை மாற்றியமைத்தபோது, ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. பஸ் மாறினாலும் ஒரே பயணம். மொத்த தூரத்துக்கே கட்டணம். முழுப் பாதையும் கம்ப்யூட்டரில் பதிவானது.

மதுரையிலும் வழித்தடங்களைத் திருத்தும் முன் இதைச் செய்யவேண்டும். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் கட்டணமின்றிச் செல்லும் பெண்களுக்கும் கார்டு தரவேண்டும். கம்ப்யூட்டர், நாம் கொடுப்பதைத்தானே கணக்குப் போடும்!