கொடுப்பவன் வியர்வை சிந்தட்டும்!

"ஹஜ்ரத், நீங்களுமா ஓடினீர்கள்?"

ஆம்பூர் பஜாரில் தோல் வியாபாரியான ஒரு சகோதரர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆம், ஓடினேன். வேகமாக நடந்தேன் என்பதே உண்மை! மனைவியும் மகளும் மகனும் உடன் வந்தார்கள். ஏழைகளின் டயாலிசிஸ் செலவுக்காக நம் பகுதி இளைஞர்கள் நடத்திய சிறிய ஓட்டம் அது. ஃபஜ்ரு தொழுதுவிட்டு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடினோம். மூன்று கிலோமீட்டர் தூரம்; குடும்பத்துக்கு 200 ரூபாய். மேடை இல்லை, பொன்னாடை இல்லை.

"பணத்தை நேராகக் கொடுத்துவிடலாமே ஹஜ்ரத்! பெண்டு பிள்ளைகளோடு தெருவில் இறங்கி எதற்கு இந்த விளம்பரம்?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நல்லது, மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்பது குர்ஆனின் போதனை. நானே மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்றைத் திருப்பிக் கேட்டேன்: "இப்போது நாம் கொடுப்பது மறைவாகவா நடக்கிறது?"

யாருடைய முகம் தெரிகிறது?

சகோதரர்களே, நம் உதவி வழங்கும் விழாக்களை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியில் ஒரு விதவையின் பெயர் அழைக்கப்படுகிறது. அவர் தலைகுனிந்து மேடையேறுகிறார். தையல் இயந்திரத்தின் மீது பத்துப் பிரமுகர்களின் கைகள்! புகைப்படம் எடுக்கும்வரை அவர் நிற்க வேண்டும். மறுநாள் ஊரெல்லாம் அந்தப் படம். கொடுத்தவருக்குப் பெருமை; வாங்கியவரின் பிள்ளைக்கோ பள்ளிக்கூடத்தில் அவமானம். சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று எச்சரிக்கப்பட்ட சமுதாயமல்லவா நாம்?

2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில் நடந்ததை மறந்துவிட்டோமா? தைப்பூசத்தையொட்டித் தனியார் ஒருவர் தரவிருந்த இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வாங்க வந்த நான்கு பெண்கள் நெரிசலில் சிக்கி உயிரிழந்தார்கள். ஒரு சேலைக்காக! இது எந்த மதத்தாரையும் குறை சொல்லும் செய்தியல்ல. ரமளானில் நம் செல்வந்தர்களின் வாசலிலும் இதே வரிசைதான் நிற்கிறது.

அன்று காலை ஓட்டத்தில் இது தலைகீழாக இருந்தது. தெருவுக்கு வந்தது கொடுப்பவன்; வியர்வை சிந்தியதும் அவனே. வாங்குபவர் தம் வீட்டில் மரியாதையோடு இருந்தார். யாருக்காக ஓடுகிறோம் என்பது ஓடிய எவருக்கும் தெரியாது.

ஒரு காலோடு ஓடியவர்

இந்த ஓட்டங்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் 1977-ல் வலது காலை இழந்தவர். ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். தம்பி டாரெல் வழியில் வந்து சேர்ந்துகொண்டார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981-ல், 22 வயதில் இறந்தார்.

அந்த ஆண்டே அவர் பெயரால் ஓட்டம் தொடங்கியது. அவருடைய தாயார் 2011-ல் இறக்கும்வரை அந்தப் பணியைச் சுமந்தார். நம்மவர்கள் பிழைக்கப் போயிருக்கும் துபாயிலும் அபூதாபியிலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. அதில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. தம் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் விளம்பர லாபம் அடையக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பேனருக்காகவே நன்கொடை தரும் வியாபாரிகள் சிந்திக்க வேண்டாமா?

குடும்பம் எதற்கு?

பெண்கள் வரலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதலில் ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். கண்ணியமான உடையும் பெண்களுக்குத் தனி வரிசையும் இருந்தால் தடை என்ன?

நம் வியாபாரிகள் வாரி வழங்குகிறவர்கள்தாம். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியைக் கண்ட பூமி இது. ஆனால் இன்று நம் தர்மம் கடைக் கணக்கிலிருந்து காசோலையாகப் போகிறது. மனைவிக்குத் தெரியாது, பிள்ளை பார்த்ததில்லை. தந்தை மவுத்தானதும் தர்மமும் நின்றுவிடுகிறது! கொடுப்பதைக் கண்ணால் பார்க்காத பிள்ளை கொடுக்கப் பழகுவது எப்படி?

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அத்தா, அவங்க பேர் தெரியாம எப்படி துஆ செய்யறது?" "அல்லாஹ்வுக்குத் தெரியும்மா" என்றேன். பல பயான்களில் என்னால் புரியவைக்க முடியாதது அந்த மூன்று கிலோமீட்டரில் அவளுக்குப் புரிந்திருந்தது.

குறைகளும் உண்டு

வசூலில் பெரும்பகுதியை பனியன் அச்சடித்தே கரைத்துவிட்டார்கள் நம் இளைஞர்கள். கண்டித்தேன். அடுத்த முறை செலவுகளைத் தனியாக ஒருவர் ஏற்கட்டும். நுழைவுப் பணம் முழுவதும் நோயாளிக்கே போகட்டும். ஒரு வாரத்துக்குள் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். வெயில் ஏறுமுன் முடியுங்கள். தண்ணீரும் மருத்துவரும் அவசியம். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் நம்மோடு உழைக்கும் எல்லாச் சமயத்தாரையும் குடும்பத்தோடு அழையுங்கள். சிறுநீரக நோய் மதம் பார்த்து வருவதில்லை.

பஜார் சகோதரர் கடைசியில் கேட்டார்: "அடுத்தது எப்போ ஹஜ்ரத்?"

இன்ஷா அல்லாஹ், தேதி சொல்வோம். காசோலையோடு மட்டும் வராதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!