எல்லைத் தாவாவும் அந்நிய கமிஷனும்

கடலூரிலோ சிதம்பரத்திலோ முன்சீப் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய குடியானவருக்குக் கமிஷன் என்றால் இன்னதென்று நாம் விளக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறு முற்றி வழக்காகிவிட்டால் நீதிபதி ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிக்கிறார். அவர் சர்வேயரை அழைத்துக்கொண்டு வயலுக்கு வருகிறார், அளக்கிறார், கண்டதை அறிக்கையாக எழுதிப் படத்துடன் தாக்கல் செய்கிறார். அத்துடன் அவர் வேலை தீர்ந்தது. நிலம் யாருடையது என்று சொல்லும் அதிகாரம் அவருக்கில்லை. கட்சிக்காரர் இருவருமே அவரைத் தத்தம் வக்கீலாக எண்ணிப் பின்னர் ஏமாறுவதும் உண்டு. அது வேறு விஷயம்.

ராஜ்யங்களுக்கிடையே எல்லைத் தாவா எழும்போது இந்தப் பேதம் அடியோடு மறக்கப்படுகிறது. கச்சத்தீவை முன்னிட்டு, "சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவோம், சர்வதேச கமிஷன் வரட்டும்" என்ற கோஷம் நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. வருவது நீதிபதியா, சாட்சியா என்று கேட்பாரில்லை. இதை ஆராயுமுன், நம் வாசலிலேயே இருந்த ஓர் எல்லையின் சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர்வோம்.

பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய பிரெஞ்சுக் கொம்யூன்கள் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடந்தன. புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குத் தரைவழியே புறப்பட்ட பிரெஞ்சுப் பிரஜை, கடலூரையும் சிதம்பரத்தையும், அதாவது வேறொரு ராஜ்யத்தை, கடந்தே ஊர் சேர வேண்டும். 1908-ஆம் வருஷம் புதுச்சேரிக்குச் சென்ற பாரதியாருக்குப் பத்து வருஷ காலம் அரணாக இருந்தது அந்த எல்லையே. 1918 நவம்பர் 20-ஆம் தேதி அதைத் தாண்டியதும் கடலூருக்கருகே அவர் கைதானார். கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார்.

ஆங்கிலேயர் போன பிறகு, பிரெஞ்சு இந்தியாவின் கதியை ஜனங்களின் வாக்கைக் கொண்டே நிர்ணயிப்பதென்று 1948 ஜூனில் இந்திய சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் ஒப்புக்கொண்டன. சந்திரநாகூர் 1949 ஜூன் 19-ஆம் தேதி வாக்களித்தது: இந்தியாவுக்கு 7,473, எதிராக 114. மற்ற ஊர்களிலோ ரௌடித்தனமும் பரஸ்பரக் குற்றச்சாட்டும் மிஞ்சின. அப்பொழுதுதான் சர்வதேச நீதிமன்றத்தின் மூலம் தெரிந்தெடுக்கப்பட்ட அந்நிய தேசத்து நடுநிலை நோக்கர்கள் 1951-இல் வந்து நேரில் பார்வையிட்டனர். வாக்காளர் பட்டியல்கள் குறையுள்ளவை. சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற நிலைமை அங்கு இல்லை. இதுவே அவர்களுடைய அறிக்கையின் சாரம்.

அந்த நோக்கர்களால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வாருண்டு. நமது அபிப்பிராயம் வேறு. அவர்கள் வந்தது எல்லையை வகுக்க அன்று, கண்டதைச் சொல்ல. சொன்னார்கள். வாக்கெடுப்பு ஒழுங்காக நடக்கும் என்று பிரெஞ்சு அதிகாரிகள் சொல்லிவந்ததை இந்தியா மறுத்தால் அது எதிர்க்கட்சிக்காரனின் வாதம். மூன்றாமவன் மறுத்தால் அது சாட்சியம். அதன் பிறகும் அங்கு ஜனங்களின் வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 1954 மார்ச்சில், நேற்றுவரை பிரெஞ்சுக் கட்சியின் தூணாக இருந்த குபேரே நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியேற்றும் காலம் வந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-இல்தான் அமலுக்கு வந்தது; பாரிஸ் பார்லிமெண்டுக்கு அவசரம் இல்லை போலும்! இத்தனைக்கும் ஒரு சாண் எல்லை நகரவில்லை. அதே திட்டுகள் இன்றும் கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களுக்கு நடுவே புதுச்சேரிப் பிரதேசமாகவே இருக்கின்றன.

நீதிபதியாக அந்நியரை அழைப்பது வேறு காரியம். 1965-இல் கட்ச் ரண் பகுதியில் மூண்ட சண்டைக்குப் பின், இந்தியாவும் பாகிஸ்தானும் மூவர் கொண்ட டிரிபியூனலுக்கு முன்கூட்டியே கட்டுப்பட்டன. தலைவர் ஸ்வீடன் தேசத்தவர். இந்தியா யூகோஸ்லாவியரையும் பாகிஸ்தான் ஈரானியரையும் நியமித்தன. 1968 பிப்ரவரி 19-ஆம் தேதி வெளியான தீர்ப்பில், பாகிஸ்தான் கோரியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்தது. இந்தியப் பார்லிமெண்டில் கூச்சல் எழுந்தும் சர்க்கார் சொன்ன சொல்லைக் காத்தது. வங்கக் கடலில் வங்கதேசத்துடன் இருந்த தாவாவிலும், 2014-இல் 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 எதிர்த்தரப்புக்குப் போயிற்று. அதையும் இந்தியா ஏற்றுக்கொண்டது. நீதிபதியிடம் போகிறவன் தோற்கவும் தயாராக வேண்டும்.

இனி கச்சத்தீவு. 1974 ஜூனிலும் 1976 மார்ச்சிலும் டில்லியும் கொழும்பும் தாமே கோடு கிழித்துக் கையெழுத்திட்டன. கரையில் வலை காயவைத்தவனை யாரும் கேட்கவில்லை. ஆனால் இரு சர்க்காரும் கையெழுத்திட்ட கோட்டை அழிக்கும் நீதிபதி உலகில் எளிதில் கிடைக்கமாட்டார். மேலும், அதே 1974 செப்டம்பரில் சர்வதேச நீதிமன்றத்துக்கு இந்தியா அளித்த பிரகடனம் காமன்வெல்த் நாடுகளுடனான தாவாக்களை விலக்கியே வைத்தது; 2019-இல் அளித்த புதிய பிரகடனமும் அவ்வாறே. இருவரும் இசைந்தாலன்றி அக்கதவு திறவாது. திறந்து, தீர்ப்பும் நமக்கு எதிரானால், இன்று பேசிக் கேட்கக்கூடியதையும் இழப்போம்.

ஆகவே நீதிபதியைக் கேளாமல் கமிஷனரைக் கேட்பதே விவேகம். தீவு யாருக்கு என்பதை அவர் தொடவேண்டாம். கோடு விழுமுன் எந்த ஊரார் எங்கே, எந்தப் பருவத்தில் மீன் பிடித்தார்கள்? நமது இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வதால் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவனுக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு? சிறையும் படகுப் பறிமுதலும் நம் கரைக் குடும்பங்களை எந்நிலையில் விட்டிருக்கின்றன? இரண்டாவது கேள்வி நம்மவருக்குக் கசக்கும். இலங்கை அம்முறையை 2017-இல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அதை விலக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் விசாரிக்கச் சொன்னால் கொழும்பு இசையாது. இசைய வேண்டிய நியாயமுமில்லை. இம்மூன்றையும் ஒரே தாளில் எழுதி, இரு கரைக்கும் அந்நியரான சிலரிடம் ஒப்படைக்கச் சம்மதமா என்று டில்லி முதலில் கொழும்புக்கு எழுதட்டும்.