விருதுநகர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை

ஜூலை 15 வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். காமராசர் படத்துக்கு மாலை போடுவார்கள். மாறுவேடப் போட்டியில் தொளதொள வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக நான்கைந்து குட்டிக் காமராசர்கள் வந்து நிற்பார்கள். பிறகு பேச்சுப் போட்டி. அந்தப் பேச்சு அநேகமாக எல்லாப் பள்ளியிலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். படிப்பை நிறுத்திய சிறுவன், சிறைவாசம், மதிய உணவு, அணைக்கட்டு என்று படிப்படியாக ஏறிப்போய், கடைசியில் குரல் தழுதழுக்கும்: இப்பேர்ப்பட்ட மனிதரைச் சொந்த ஊரிலேயே தோற்கடித்த நன்றி கெட்டவர்கள் அல்லவா நாம்! கைதட்டல் அதற்குத்தான் பலமாக விழும்.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதிக்கொடுத்தவர்கள் பெரியவர்கள். அவர்கள் இதே வசனத்தை டீக்கடையிலும், தொலைக்காட்சி விவாதத்திலும், வாக்கு எண்ணும் நாளன்று தோற்ற கட்சியின் அலுவலக வாசலிலும் கேட்டு வளர்ந்தவர்கள். ஜனங்களுக்கு மறதி அதிகம், இன்றைக்குத் தோளில் தூக்குவார்கள், நாளைக்குத் தொப்பென்று போடுவார்கள் என்பது இங்கே நிரூபிக்கத் தேவையில்லாத உண்மையாகப் புழங்குகிறது. அது உண்மையில்லை என்பது நம் கருத்து. காமராசரின் தோல்வியையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். இந்த வசனத்தின் தாய்வீடு அதுதானே.

1967இல் விருதுநகரில் திமுகவின் பெ. சீனிவாசன் பெற்றது 33,421 வாக்குகள். காமராசருக்கு 32,136. வித்தியாசம் 1,285. அதாவது 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. 643 பேருக்காக ஓர் ஊரை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம். இன்னொன்றும் வசதியாக மறந்துபோகிறது. 1957இலும் 1962இலும் அவர் சட்டமன்றத்துக்கு வென்றது சாத்தூரிலிருந்து. விருதுநகர் அவர் பிறந்த ஊர் என்பது சரி. அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திடீரென்று கைவிட்ட தொகுதி அல்ல.

மாநிலக் கணக்கு இன்னும் சுவையானது. 1957இல் காமராசரின் காங்கிரஸ் 205 இடங்களில் 151ஐ வென்றது. அப்போது அது வாங்கிய வாக்கு சுமார் 45 விழுக்காடு. 1962இல் 206க்கு 139 இடம், 46 விழுக்காடு. 1967இல் 234க்கு 51 இடம். வாக்கோ 41 விழுக்காடு. நூற்றுக்கு ஐந்து பேர் நகர்ந்தார்கள். திமுக வாங்கியது அதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் அக்கட்சி நின்றதே 174 இடங்களில்தான், மீதியைக் கூட்டாளிகளுக்கு விட்டிருந்தது. 1962இல் தனித்தனியே நின்று வாக்கைச் சிதறடித்தவர்களை, ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் பின்னாளில் மார்க்சிஸ்டுகளாகப் பிரிந்தவர்கள் வரை, அண்ணா ஒரு கயிற்றில் கட்டியிருந்தார். ஒருவர் கூடுதலாக வாங்கினால் முழுத் தொகுதியும் அவருக்கே என்கிற நம் தேர்தல் முறையில் ஐந்து விழுக்காடு நகர்வும் ஒரு நல்ல கூட்டணியும் சேர்ந்தால் மலையே புரண்டதுபோலத் தெரியும். ஒரே இரவில் மனம் மாறிய மக்களை அந்தப் புள்ளிவிவரத்தில் எங்கே தேடியும் காணோம்.

இதே எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. காமராசர் அன்பர்களுக்கு அது கசக்கலாம். பொற்காலம் என்று நாம் இன்று கொண்டாடும் அந்த ஆண்டுகளிலும் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவர் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. ஊரே கும்பிட்டது, பிறகு ஊரே உதறியது என்பது இரண்டு பக்கமும் பொய்.

நகர்ந்த அந்த ஐந்து பேருக்கும் காரணம் இல்லாமலில்லை. காமராசர் 1963 அக்டோபரிலேயே முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். அதன்பின் பக்தவத்சலம் ஆட்சியில் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடுகளும் நடந்தன. அரிசித் தட்டுப்பாடு வந்தது. 1966 ஜூனில் டில்லி ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அப்போது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் யார்? காமராசர்தான். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண் பத்து வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூடச் சாப்பாட்டை நினைத்து வாக்களித்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதி நடக்கக்கூடியதா என்பது வேறு கேள்வி. பானையில் அரிசி இல்லாதவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அன்றைய காங்கிரசுக்கு இல்லை.

இரண்டே வருடத்தில், 1969 ஜனவரியில், நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் அதே காமராசர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்தில் அப்போது திமுக ஆட்சி. 1971இல் அவருடைய பழைய காங்கிரஸ் மாநிலமெங்கும் சுருண்டபோதும் நாகர்கோவில் அவரை விடவில்லை. பேச்சுப் போட்டிகளில் நாகர்கோவில் ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அழ வைக்க அது உதவாது.

இது தமிழனின் தனிக் குணம் என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் பிரிட்டனையும் கொஞ்சம் பார்க்கலாம். ஜெர்மனி சரணடைந்த இரண்டு மாதத்துக்குள் நடந்த தேர்தலில் சர்ச்சிலின் கட்சி படுதோல்வி அடைந்தது. போருக்கு அவர், வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் வேறு ஆள் என்று பிரித்துப் பார்த்தார்கள். 1951இல் அவர் திரும்ப வந்தபோதுகூடத் தொழிற்கட்சிதான் அதிக வாக்கு வாங்கியிருந்தது.

பிரித்துப் பார்ப்பதில் நம் வாக்காளரும் சளைத்தவர் அல்லர். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ இந்திரா காங்கிரஸ், திமுக அணிக்குக் கொடுத்தார்கள். எம்ஜிஆர் கதை முடிந்தது என்று டில்லி அவருடைய அரசைப் பிப்ரவரியில் கலைத்தது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதிமுகவுக்கு 129 இடம் கொடுத்து எம்ஜிஆரைக் கோட்டைக்கே திருப்பி அனுப்பினார்கள். ஐந்து மாதத்தில் புத்தி தடுமாறிய ஜனங்கள் என்று அப்போதும் பேசியவர்கள் உண்டு. டில்லிக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர் என்று வாக்காளர் போட்ட கணக்கு தலைவர்களுக்குத்தான் புரியவில்லை.

சரி, அப்படியானால் தடுமாறியது யார்? 1971இல் இந்திராவோடு கூட்டணி வைத்த திமுக, 1976இல் அவரால் ஆட்சியை இழந்து, 1977இல் அவரை எதிர்த்து, 1980இல் மீண்டும் அவரோடு கைகோத்தது. அதிமுக 1977இல் அவரோடு, 1980இல் எதிரே, 1984இல் மறுபடி அவர் கட்சியோடு. பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில் இத்தனை முறை பாயை மாற்றிப் போட்டவர்கள் தலைவர்கள். படுக்க இடம் தேடிய மக்களுக்குச் சபல புத்தி என்று பெயர்.

இந்த வாதத்துக்கு ஓர் இடைஞ்சல் உண்டு, மறைக்க வேண்டாம். அது 1996. ஜெயலலிதாவின் கட்சி 1991இல் வாங்கிய வாக்கு விழுக்காட்டில் பாதிகூட அப்போது தேறவில்லை. நான்கே இடம், அவரே பர்கூரில் தோற்றார். இது ஐந்து விழுக்காட்டு விவகாரம் அல்ல, மெய்யான சரிவு. 1995இல் நடந்த அவருடைய வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணத்தையும், காலில் விழுந்து எழுந்த அமைச்சர்களையும், ஊர் மறைக்கும் கட்-அவுட்டுகளையும் ஐந்து வருடம் பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்பு என்று அதை ஏற்கலாம். 2001இல் அவர் திரும்ப வந்தாரே, அது மறதிதானே என்று கேட்பீர்கள். ஓரளவு ஆமாம். ஆனால் முதலில் மறந்தது யார்? அவரோடு கூட்டணி கூடாது என்பதற்காகவே 1996இல் காங்கிரசை உடைத்துக்கொண்டு பிறந்தது மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரஸ். 2001இல் அதே கட்சி அவருடைய கூட்டணியில் நின்றது. இடதுசாரிகளும் நின்றார்கள். மேடையில் இருந்தவர்களே மறந்துவிட்டபின் மைதானத்தில் நின்றவர் மட்டும் நினைவு வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பத்திரிகைகளான நாமும் இந்தப் பாவத்தில் பங்காளிகள். ஐந்து விழுக்காடு நகர்ந்தால் அலை என்று எட்டுப் பத்தித் தலைப்புப் போடுகிறோம். இட எண்ணிக்கையைக் கொட்டை எழுத்திலும் வாக்கு விழுக்காட்டை நான்காம் நாள் உள்பக்கத்திலும் தருகிறோம். இனி இரண்டையும் முதல் நாளே, ஒரே அளவு எழுத்தில், ஒன்றாக அச்சிட வேண்டும். தொலைக்காட்சிகளுக்கும் இதையே சொல்வோம்.

நன்றி என்ற சொல்லை இந்த இடத்தில் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. வாக்கு நன்றிக்கடன் என்றால் ஆட்சி தருமம் ஆகிவிடுகிறது. வரிப்பணத்தில் வாங்கிய பையிலும் மிக்சியிலும் தலைவர் படம் ஒட்டியது அந்த எண்ணத்தில்தான். வெள்ள நிவாரணப் பொட்டலத்தில்கூட ஸ்டிக்கர் ஒட்டிய நாடு இது. தோற்றவுடன் நாங்கள் எவ்வளவு செய்தோம், மக்கள் இப்படிச் செய்துவிட்டார்களே என்று கண் கலங்குவதும் அதன் தொடர்ச்சி. தோற்றதும் மக்களைத் திட்டாமல் ஒதுங்கி, அடுத்த வாய்ப்பில் வேறு தொகுதியில் போய் நின்ற காமராசரின் பெயரைச் சொல்லி இதைச் செய்வது அவருக்கு மரியாதை அல்ல.

பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூலை 15 அன்று பேச்சுப் போட்டிக்கு முன்னால் கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் 45, 46, 41 என்று மூன்று எண்களையும், அவற்றின் கீழே 33,421, 32,136 என்று இரண்டு எண்களையும் எழுதட்டும். கழித்தலும் வகுத்தலும் பிள்ளைகளே செய்வார்கள். ஊர் சார்பில் தழுதழுத்த குரலில் மன்னிப்புக் கேட்கும் அந்த விருதுநகர்ப் பிள்ளையின் தாத்தா, 32,136 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம்.