ஒரு கோப்பா, அந்தக் கோப்பா?

சோலூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஃபேக்டரிக்குப் போட்ட பச்சைத் தேயிலையின் எடை, விலை, கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்தவர், சென்ற வருடம் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். தமிழிலேயே மெனு வரும் ஒரு கணக்குப் புரோகிராமை நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் ஏதோ ஒரு பட்டனை அழுத்தியபோது, திரையில் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறது: "ஒரு கோப்பை நீக்க விரும்புகிறீர்களா?"

வேண்டாத பழைய பைல் ஒன்று இருந்தது அவருக்கு நினைவு வந்தது. "ஒரு கோப்பு என்றுதானே கேட்கிறது, எது என்று அடுத்து கேட்கும்" என்று நினைத்து 'ஆம்' கொடுத்துவிட்டார். அது கேட்கவில்லை. திறந்திருந்த பைலையே நீக்கிவிட்டது. பத்து மாதக் கணக்கு போயிற்று! அந்தப் புரோகிராம் நீக்கிய பைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. எடைச் சீட்டுகளை வைத்துத் திரும்ப டைப் செய்ய எங்கள் இருவருக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

சித்தப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாததால் வந்த வினை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார். எழுதியவர்தான் தப்பாக எழுதினார்.

இதை விளக்க எஸ்பெராண்டோவைத் துணைக்கு அழைக்கிறேன். 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை உருவாக்கினார் அல்லவா? அதுபோல ஒரு தனி மனிதர் உட்கார்ந்து உருவாக்கிய மொழிதான் இதுவும். ஆனால் சினிமாவுக்காக அல்ல, உலக மக்கள் எல்லோரும் பேசுவதற்காக. சாமன்ஹோஃப் என்ற கண் டாக்டர் 1887-ல் வார்சாவில் இதை வெளியிட்டார். மொத்தம் 16 விதிகள். அதில் முதல் விதியே ஆர்ட்டிகிள் பற்றியதுதான். ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்' போன்ற சொல் இந்த மொழியில் கிடையாது. 'தி'க்குப் பதிலாக 'லா' மட்டும் உண்டு. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் அது மாறாது.

எஸ்பெராண்டோவில் பைலுக்கு 'தோசியேரோ' என்று பெயர். (தோசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) வெறுமே 'தோசியேரோ' என்றால் ஏதோ ஒரு பைல். 'லா தோசியேரோ' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் பைல். 'லா' போட்டுக் கேட்டிருந்தால் சித்தப்பா உஷாராகியிருப்பார்.

சாமன்ஹோஃப் வளர்ந்த சூழலில் பேசப்பட்ட ரஷ்ய, போலிஷ் மொழிகளில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதனால்தானோ என்னவோ, 1905-ல் வந்த அடிப்படை நூலில், ஆர்ட்டிகிள் கஷ்டமாக இருப்பவர்கள் முதலில் அதை விட்டுவிடலாம் என்று சலுகையும் கொடுத்திருக்கிறார்.

தமிழிலும் ஆர்ட்டிகிள் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த புத்தகம். நடுவில் வந்த 'ஐ' செய்த வேலை அது. (மனிதர்களுக்கு எப்போதும் 'ஐ' வந்துவிடுவதால் அங்கே இது பலிக்காது.) கதை சொல்லும்போது "ஒரு ஊரில் ஒரு ராஜா" என்று தொடங்குகிறோம். அடுத்த வரியில் அவர் 'அந்த ராஜா' ஆகிவிடுகிறார். அங்கேயும் 'ஒரு ராஜா' என்றால் புதிதாக இன்னொரு ராஜா வந்துவிட்டார் என்றுதான் குழந்தை நினைக்கும். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பிறகு ஏன் இப்படி எழுதுகிறார்கள்? நானும் இதே தொழிலில் இருப்பதால் சொல்கிறேன். மொழிபெயர்ப்பவருக்குத் திரையைக் காட்டுவதில்லை. வாக்கியங்களை மட்டும் பட்டியலாகக் கொடுக்கிறோம். மெனுவுக்கு எழுதிய வரியையே கேள்விக்குறி சேர்த்து எச்சரிக்கைக்கும் பயன்படுத்திவிடுகிறோம். அவரும் 'எ'யைக் கண்ட இடமெல்லாம் 'ஒரு' போட்டுவிடுகிறார். பாதிப் பாவம் எங்களைப் போன்ற புரோகிராமர்களுடையது. "'தேயிலைக் கணக்கு' என்ற இந்தக் கோப்பை நீக்கவா?" என்று பெயரோடு கேட்டால் என்ன குறைந்துவிடும்? பெயரை எடுத்துக் காட்ட ஒரு வரி புரோகிராம் போதும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள், திரையில் வரும் தமிழ் புரியவில்லை என்றால் உங்கள் தமிழைச் சந்தேகிக்காதீர்கள். நீக்கவா, மாற்றவா என்ற கேள்வியில் 'ஒரு' வந்தால் 'ரத்து' பட்டனை அழுத்திவிட்டு, எந்தப் பைல் திறந்திருக்கிறது, எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் புரோகிராமைத் தயாரித்தவர்களுக்கு, எந்த வரி குழப்பியது என்று தமிழிலேயே ஒரு மெயிலும் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

சித்தப்பா இப்போது நோட்டிலும் எழுதுகிறார்.