இயக்கத்துக்குத்தானே, சும்மா குடுங்க தோழர்

திருச்சியில் அம்பேத்கர் படம் வரைகிற, துணிப்பை தைக்கிற, சாவிக்கொத்து செய்கிற நம் பிள்ளைகள் எல்லோரும் தலைப்பில் உள்ள வரியைக் கேட்டிருப்பார்கள். கேட்பவர்கள் வெளியாட்கள் அல்ல, நீலத் துண்டு போட்ட நம்மவர்கள்.

பகலில் கல்லூரி அல்லது கடை வேலை, இரவில் ஊசியும் பெயின்ட்டும். துணி வாங்கிய காசு திரும்பி வந்தாலே பெரிது. ஆனாலும் விட மாட்டார்கள். நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் செய்கிறவர்களுக்கு, தான் நினைத்ததைத் தன் கையால் செய்ய இது ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பாசம் நமக்குப் புரிகிறது. பாசத்தைக் காட்டியே விலையை அடிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நம் பாட்டன் பூட்டன் கைவேலைக்கு யார் விலை கேட்டார்கள்? பறை கட்டினார்கள், செருப்புத் தைத்தார்கள், சாவுக்கு அடித்தார்கள். பதிலுக்குக் களத்தில் ஊர் அளந்து போட்டதுதான் கூலி. அந்த நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், வேடிக்கையைப் பாருங்கள்! அதே பறையை அடித்த அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாம் கொண்டாடினோம். விருதுக்குக் கைதட்டுகிற நாம், தெருவில் அடிக்க வருகிற தம்பிக்கு வண்டிச் செலவாவது கொடுக்கிறோமா?

விலை மட்டுமல்ல, பெயரும் சிக்கல்தான். பாபாசாகேப் 1917இல் லண்டனிலிருந்து திரும்பிய பிறகு, பம்பாயில் முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கே அந்தக் கதி.

நூறாண்டு கழித்து ஸ்ரீரங்கத்தில் என்ன நிலைமை? சித்திரை வீதிப் பக்கம் ஒரு கடையில் நம் பைகளை விற்றுத் தருவதாகச் சொன்னார்கள். வேலைப்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். ஓரத்தில் தைத்திருக்கும் நீலச் சீட்டை மட்டும் பிரித்துவிட வேண்டுமாம். பைகளைத் திருப்பி எடுத்து வந்துவிட்டோம்.

மும்பையில் சுதீர் ராஜ்பர் நேர் எதிராகச் செய்தார். 2015 மாட்டிறைச்சித் தடைக்குப் பின் தாராவித் தோல் தொழிலாளர்கள் நொடிந்தபோது, அவர்களோடு சேர்ந்து மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்தார். வசவாக வீசப்பட்ட சாதிப் பெயரையே வைத்து 'சமார் ஸ்டுடியோ' என்றார். சாதிப் பெயரைச் சந்தைக்குக் கொண்டுபோகலாமா என்று நமக்குள் சண்டை இருக்கிறது; அதை இன்னொரு நாள் போடுவோம். ஆனால் செய்தவர் யார் என்பதை அவர் மறைக்கவில்லை.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. திருச்சியைச் சுற்றி வீட்டுக்கு வீடு செயற்கை வைரம் பட்டை தீட்டினார்கள். கல் ஊர் ஊராகப் போனது, தீட்டியவர் பெயர் எங்கும் போகவில்லை. மலிவான மெஷின் கல் வந்ததும் பட்டறைகள் மூடின. அந்தக் கைகளை இப்போது யாருக்கும் தெரியாது.

ஆகவே தோழர்களே, வரும் ஏப்ரல் 14 அன்று அரிஸ்டோ ரவுண்டானா சிலைக்கு மாலை போட வரும்போது நம் பிள்ளைகளின் பொருள்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரும் விலையும் எழுதியிருக்கும். துணி, சாயம், தைத்த நேரம் மூன்றையும் கூட்டிப் போட்ட விலை. கையில் காசில்லாத மாணவர்கள் இரண்டு தவணையாகக் கொடுக்கலாம், நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.